வயதை விடுங்கள், நோயைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில், மூன்றாம் பக்கத்தின் கீழ் மூலையில், "கோவாவில் சாதித்த கோத்தகிரி இளைஞர்" என்று ஒரு செய்தி வந்தது. கழுத்தில் பதக்கமும் ஈரத் தலையுமாக இளித்துக்கொண்டு நிற்கிற அந்த ஆள் நான்தான். செய்தி போட்டதற்கு நன்றி. எங்கள் தெருவில் பேப்பர் போடும் பையன் அன்றைக்கு நாலு பிரதி கூடுதலாகக் கொண்டுவந்து, நாலுக்கும் காசு வாங்கிக்கொண்டு போனான்.

அந்தச் செய்தியில் நாலு தவறுகள். எனக்கு வயது 36 என்று போட்டிருந்தீர்கள். 46. இதைத் திருத்த வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. கோவா ட்ரையத்லான் போட்டியில் நான் கடந்த தூரம் 70.3 கிலோமீட்டர் என்று இருந்தது. 70.3 என்பது மைல் கணக்கு. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், அப்புறம் 90 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டம், ஆக மொத்தம் 113 கிலோமீட்டர். என்னை "இரும்பு மனிதர்" என்றும் எழுதிவிட்டீர்கள். அந்தப் பட்டம் இதைப் போல இரண்டு பங்கை, அதாவது 3.8 நீந்தி, 180 மிதித்து, 42.2 ஓடி, ஒரே நாளில் முடிக்கிறவர்களுக்குச் சேர வேண்டியது. 1978-ல் ஹவாய்த் தீவில் முதல்முதலாக அதை நடத்தியபோது 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். நான் முடித்தது பாதி. அந்தப் பாதியிலும் வாலில் வந்தவன். சரி, இதெல்லாம் போகட்டும்.

நாலாவதை அப்படி விட முடியவில்லை. "ரத்தத்தின் மூலம் பரவும் கொடிய தொற்றுநோயால் பாதிக்கப்பட்ட பழங்குடியினருக்கு நிதி திரட்டுவதற்காக" என்று ஒரு வரி வந்திருந்தது. நான் நிதி திரட்டியது அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்காக. ஆஸ்பத்திரிகளில் சிக்கிள் செல் என்போம். அது தொற்றுநோயே கிடையாது. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே போர்வையில் படுத்தாலும் ஒட்டாது. இருமலில் வராது, கொசுவில் வராது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பிறக்கும்போதே வருவது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் செய்தியாளர் தம்பி மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசு வரவில்லை. கோவாவிலிருந்து திரும்பிய மறுநாள் சாயங்காலம் போன் செய்தார். பத்து நிமிடம் பேசியிருப்போம். அதில் எட்டு நிமிடம் நான் கடலைப் பற்றியே பேசினேன். "அது என்ன நோய் சார்?" என்று கேட்டார். "ரத்தத்துல வர்ற நோய் தம்பி, மலைவாழ் மக்கள்கிட்ட அதிகம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுபடியும் அலைக்குப் போய்விட்டேன். ரத்தத்தில் வருவது எங்கேயோ ரத்தத்தின் மூலம் பரவுவதாக மாறி, யாரோ ஒருவர் கை அதற்கு முன்னால் "கொடிய" என்று சேர்த்திருக்கிறது. இருபது வருடமாக லேப் டெக்னீஷியனாக இருப்பவன் நான். வார்த்தையை அளந்து சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

ஒரு வரிதானே, இதற்கு இவ்வளவா என்று நீங்கள் நினைக்கலாம். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குஞ்சப்பனைக்கு அந்தப் பக்கம், ரோட்டிலிருந்து இறங்கி நடந்து போகிற ஓர் இருளர் ஊர். அங்கே ஒரு பெண், இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள், விடுதியில் தங்கி. பெயரும் பள்ளியும் வேண்டாம். அவளும் அவள் அம்மாவும் "எழுதுங்க" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அவளுக்குச் சிக்கிள் செல் நோய் இருப்பது விடுதியில் முதல் நாளே தெரியும். தினம் மாத்திரை, கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், மார்கழியில் இரண்டு ஸ்வெட்டர். அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. உங்கள் செய்தி வந்த மூன்றாம் நாள், அவள் தட்டின் அடியில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்து, மற்ற தட்டுகளோடு சேர்க்காமல் தனியாகக் கவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்கள். டம்ளருக்கும் ஒரு புள்ளி.

கேள்விப்பட்டதும் நான் விடுதிக்குப் போனேன். பொறுப்பில் இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். டீ கொடுத்தார். நான் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மேசை டிராயரைத் திறந்து ஒரு பேப்பர் கட்டிங்கை எடுத்து என் முன்னால் வைத்தார். "அச்சுல வந்திருக்கே சார்" என்றார். பார்த்தால் மேலே என் போட்டோ, கீழே அந்த வரி. எனக்கு எதிராக நானே சாட்சி.

வெளியே வந்தபோது அந்தப் பெண் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "நீங்க சொன்னா கேக்க மாட்டாங்கண்ணா. பேப்பர்ல மாத்திப் போடச் சொல்லுங்க. பேப்பர்னா கேப்பாங்க" என்றாள். அழவில்லை. சில்லறை பாக்கி கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஆகவே நோயைப் பற்றி ஒழுங்காகச் சொல்ல இந்த முறை எனக்கு இடம் கொடுங்கள்.

நம் ரத்தத்தின் சிவப்பணு, நடுவில் விரலால் லேசாக அமுக்கிய வடை மாதிரி இருக்கும். வழவழவென்று வளைந்து கொடுத்து எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வந்துவிடும். இந்த நோய் உள்ளவர்களுக்கு, உடம்பில் ஆக்சிஜன் குறைகிறபோதும் தண்ணீர் வற்றுகிறபோதும் அந்த அணு விறைத்து வளைந்து அரிவாள் ஆகிவிடும். எங்கள் ஊரில் தேயிலைக் கவ்வாத்துக் கத்தி என்றால் எல்லோருக்கும் புரியும். கத்திகள் குறுகலான ரத்தக்குழாயில் ஒன்றோடொன்று சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் வலி. கை, கால், முதுகு, நெஞ்சு என்று எங்கே வேண்டுமானாலும் வரும், மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில். நம் சிவப்பணு 120 நாள் வாழ்கிறது என்றால் அரிவாள் அணு பத்து இருபது நாளிலேயே உடைந்துபோகும். அதனால்தான் தீராத ரத்தசோகை. குளிர், நீர் வற்றல், காய்ச்சல், அளவுக்கு மீறிய அலைச்சல் இவையெல்லாம் வலியைக் கிளப்பும். குளிரும் ஏற்றமும் எங்கள் மலையில் தெருவுக்குத் தெரு உண்டு.

இன்னொன்று. இந்தியாவில் இந்த அரிவாள் அணுவை முதன்முதலாகக் கண்டுபிடித்ததே நீலகிரியில்தான். 1952-ல் லெமன், கட்புஷ் என்ற இருவர் இந்த மலையின் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதற்கென்று தனி இயக்கமே தொடங்கி, நாற்பது வயது வரை உள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்போம், 2047-க்குள் ஒழிப்போம் என்று இலக்கு வைத்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகு கோத்தகிரியில் ஒரு தட்டுக்கு அடியில் சிவப்புப் புள்ளி.

நான் இப்போது தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் நடமாடும் மருத்துவ வேனில் ஊர் ஊராகப் போனேன். அப்போது செய்த முதல் கட்டப் பரிசோதனையைச் சொன்னால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். சிறு கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி கரைசல். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் 20 மைக்ரோலிட்டர், ஒரு துளியில் பாதிகூட வராது. அதை விட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடித்துப் பார்ப்போம். கோடு தெரிந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இல்லை. கலங்கி, கோடு மறைந்தால் இருக்கிறது. ஒரு ஆடி மாதம் அட்டை மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. அதிலிருந்து நான் வேனில் கிடக்கிற பேப்பரைத்தான் குழாய்க்குப் பின்னால் வைப்பேன். பெரும்பாலும் உங்கள் பேப்பர்தான். டிரைவர் அண்ணன் வாங்குவார். குழாய் வழியாக உங்கள் எழுத்து படிக்க வந்தால் "ஒண்ணுமில்லம்மா, போய்ட்டு வாங்க" என்போம். எழுத்து மறைந்தால் அடுத்த பரிசோதனைக்கு ரத்தம் எடுப்போம். பெண்கள் சில பேர் பேப்பரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஏதோ தங்கள் பெயர் அதில் வந்துவிடப் போகிறது போல.

கலங்கினாலே நோயாளி என்று அர்த்தமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தால் அவர் கடத்துகிறவர், அவ்வளவுதான். பொதுவாக ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிட்டுப் போவார். மலேரியா நிறைந்த காட்டில் அது ஒரு கவசமாகக்கூட இருந்திருக்கிறது. இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். கடத்துகிற இருவர் கல்யாணம் செய்துகொண்டால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் சீட்டுக்கட்டு புதிதாகக் கலைக்கப்படும். கடத்துகிறவரா நோயாளியா என்பதை எலக்ட்ரோபோரசிஸ் மாதிரியான பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். நோய் உள்ளவர்களுக்கு ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் வலி வருவது குறையும்.

இதற்கும் ட்ரையத்லானுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அதுவும் அந்தப் பெண்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ரிப்போர்ட் கொடுக்க அவர்கள் ஊருக்கு இறங்கிப் போய்விட்டுத் திரும்ப ஏறினேன். அப்போது என் எடை 84 கிலோ. பாதி ஏற்றத்தில் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். நாக்கு வெளியே தள்ளியது. வழி காட்ட வந்த அந்தப் பெண் நாலு படி மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்குத்தான் ரத்தம் சரியில்ல. உங்களுக்கு என்னண்ணா?" என்றாள். அவள் அம்மா அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு இல்லை.

மறுநாள் காலையில் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமானது. ஓட்டத்தில் முட்டி வலித்தபோது சைக்கிள் வாங்கினேன், கோவையில் ஒரு கல்லூரிப் பையன் விற்ற பழைய கியர் சைக்கிள், 38,000 ரூபாய். என் சீட்டுப் பணம் அதோடு போனது. நீச்சல்தான் மிச்சம். நீந்தத் தெரியாது. மலையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் குழாயிலும் மழையிலும் வருவது. 1994-ல் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் பாக் ஜலசந்தியையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்தியபோது எனக்குப் பதினைந்து வயது. பேப்பரில் வந்த அவர் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தேன். ஒட்டியதோடு சரி.

எங்களுக்கு ஏரிகளும் அணைகளும் உண்டு, இறங்கிப் பழகுகிற இடம் அவை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோவை. 25 மீட்டர்க் குளம். எனக்குச் சொல்லிக்கொடுத்த பையனுக்கு 19 வயது. என்னை ஏழு வயதுப் பிள்ளைகளோடு சேர்த்து விட்டான். கையில் மிதவைப் பலகை. பிள்ளைகள் மூன்றாவது வாரத்தில் பலகையை விட்டார்கள், நான் எட்டாவது வாரத்தில். "அங்கிள், தண்ணிய அடிக்காதீங்க, பின்னாடி தள்ளுங்க" என்பான். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு மூளைக்குப் போய் கைக்கு வந்து சேர நாலு மாதம் ஆனது. 1.9 கிலோமீட்டர் என்றால் அந்தக் குளத்தில் 76 முறை குறுக்கே போக வேண்டும். முதல்முறை 76 போட்ட அன்று எண்ணிக்கையில் சந்தேகம் வந்து, இன்னும் இரண்டு போட்டேன்.

மலையில் பயிற்சி எடுப்பது பற்றிப் பலர் கேட்டார்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். கடற்கரையில் கிடைக்கிற காற்றில் ஐந்தில் நாலு பங்குதான் இங்கே. அது உடம்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் விடிகாலை ஐந்து மணிக்குக் கொடநாடு ரோட்டில் ஓடுகிறவனுக்குக் காற்று ஒரு பிரச்சினையே இல்லை, கரடிதான் பிரச்சினை. தேயிலைக்குள்ளிருந்து வரும், டீக்கடையைப் பார்த்துப் போகும். காட்டுமாடு நடுரோட்டில் நின்றால் அது நகர்கிற வரைக்கும் நாம் நிற்க வேண்டும், ஸ்டாப்வாட்ச் தன் பாட்டுக்கு ஓடும். சைக்கிளுக்கு இன்னொரு தொல்லை. இங்கே சமதளமே கிடையாது. ஏறினால் ஏற்றம், இறங்கினால் பிரேக். மேட்டுப்பாளையம் வரைக்கும் 33 கிலோமீட்டர் பிரேக்கிலேயே இறங்கினால் ரிம் தோசைக்கல் மாதிரி சுடும். கோவாவில் 90 கிலோமீட்டரும் விடாமல் மிதிக்க வேண்டும். அதற்கென்றே சிறுமுகை வழியாகச் சத்தியமங்கலம் ரோட்டில் போய்ப் போய்ப் பழகினேன்.

சரி, கோவா. மிராமர் கடற்கரை. விடிந்தும் விடியாமலும் மணலில் நிற்கிறோம். எனக்கு முன்னால் நின்றவரின் தோளில் எண் மை போட்டு எழுதியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்து நேராகப் போகலாம். கடலுக்கு அடியில் கோடு இல்லை. தலையை இறக்கினால் பழுப்புக் கலங்கல், என் கையே தெரியவில்லை. முதல் நூறு மீட்டரில் யாரோ ஒருவர் குதிகால் என் கண்ணாடியில் பட்டு உள்ளே உப்புத் தண்ணீர் போய்விட்டது. மல்லாந்து மிதந்தபடி கண்ணாடியைக் கழற்றி மாட்டினேன். அந்த அரை நிமிடத்தில் எனக்கு வந்த எண்ணம் எல்லாம், கலங்கினால் பாசிட்டிவ், கலங்கினால் பாசிட்டிவ் என்பதுதான். சிரிக்காதீர்கள், பயத்தில் மூளை தெரிந்த வேலையைத்தான் செய்யும். அப்புறம் பத்துக் கை வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, வழி காட்டுகிற மிதவையைப் பார்ப்பது, போவது. அலை தூக்கும்போது பார்த்தால்தான் மிதவை தெரியும். பள்ளத்தில் இருக்கும்போது தூக்கினால் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். 1 மணி 10 நிமிடத்துக்குள் கரை ஏறாவிட்டால் அத்தோடு வீட்டுக்குப் போகலாம். நான் ஏறியது 1 மணி 4 நிமிடத்தில்.

சைக்கிளில் சொல்ல அதிகமில்லை. அறுபத்தோராவது கிலோமீட்டரில் பின் டயர் பஞ்சர். வெளியாள் யாரும் உதவக் கூடாது என்பது விதி. ரோட்டோரத்தில் உட்கார்ந்து டியூப் மாற்றினேன், 11 நிமிடம். ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையிலிருந்து கொங்கணியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறுதலா திட்டா தெரியாது.

ஓட்டத்தில்தான் கோத்தகிரிக்காரன் மாட்டிக்கொண்டான். அந்தப் புழுக்கத்தை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சட்டை காயவே இல்லை, வேர்வை ஆறவே இல்லை. எட்டாவது கிலோமீட்டரில் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டன. கழிப்பறைக்கு ஒதுங்கியபோது சிறுநீரின் நிறத்தைப் பார்த்தேன். அடர்ந்த டிக்காஷன். என் தொழிலே அதுதான் என்பதால் பொய் சொல்லிக்கொள்ள முடியவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. அப்புறம் ஓட்டத்தை விட்டு, தண்ணீர் கொடுக்கிற மேசைகளை எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு டம்ளர் உப்புச் சர்க்கரைக் கரைசல், தொப்பிக்குள் ஒரு கை ஐஸ். மேசைக்கு மேசை நடை, இடையிடையே ஓட்டம் என்று பேர் பண்ணிய ஏதோ ஒன்று.

அந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் பாட்டில் ஞாபகம் வந்தது. பாதி மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பச்சை பாட்டில். வகுப்பில் அடிக்கடி தண்ணீர் குடிக்கிறாள், அடிக்கடி வெளியே போகக் கேட்கிறாள் என்று முன்பு ஒரு பள்ளியில் திட்டு வாங்கியிருக்கிறாள். எனக்குத் தண்ணீர் வற்றினால் தொடை பிடிக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். அவளுக்கு வற்றினால் ராத்திரி ஒரு மணிக்கு ஜீப் தேட வேண்டும். அப்படி ஒரு ராத்திரி நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். குன்னூர் வரைக்கும் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது துண்டில் பல் பட்ட இடம் கிழிந்திருந்தது.

மொத்தம் 8 மணி 9 நிமிடம். எட்டரை மணிநேரம்தான் கெடு. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள், ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றினார், நீங்கள் போட்ட அந்தப் போட்டோ எடுக்கப்பட்டது. இளிப்பு சந்தோஷத்தில் வந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தாடை பிடித்துக்கொண்டது.

பணக் கணக்கையும் உங்கள் வாசகர்கள் முன் வைத்துவிடுகிறேன், ஏனென்றால் செய்தி வந்த பிறகு இரண்டு பேர் அதையும் கேட்டார்கள். நான் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்று கேட்டேன். முடித்தால் மட்டும் கொடுங்கள், ஒருவருக்கு 1,130 ரூபாய். 131 பேர் ஒத்துக்கொண்டார்கள். லேபில் உள்ளவர்கள், மார்க்கெட்டில் கேரட் மண்டிக்காரர்கள், தேயிலைத் தொழிற்சாலை நண்பர்கள், ரத்தம் கொடுக்க வந்து மாட்டிக்கொண்டவர்கள். கணக்குப்படி 1,48,030 வர வேண்டும். வந்தது 1,39,400. மீதியைக் கேட்டு நான் யார் வீட்டுக்கும் போகப் போவதில்லை. நான் முடிக்க மாட்டேன் என்று நம்பி ஒத்துக்கொண்டவர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களுக்குத்தான் உண்மையான நஷ்டம். நுழைவுக் கட்டணம், ரயில், ரூம் எல்லாம் என் கைக்காசு. திரட்டிய பணம் என் கணக்குக்கு வரவில்லை, நேரே ஓர் அறக்கட்டளைக் கணக்குக்குப் போனது. ராத்திரியில் வலி வந்தால் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஜீப் வாடகை, அதற்கு மட்டும்தான் செலவழிப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டோம். 108 வண்டி ரோடு வரைக்கும் வரும். ரோடு இல்லாத ஊரிலிருந்து ரோட்டுக்கு வருவதுதான் பாடு. இதுவரை ஏழு தடவை ஜீப் போயிருக்கிறது, 11,900 ரூபாய். மிச்சம் 1,27,500.

இதில் உங்களுக்குச் செய்தியாக ஏதாவது தோன்றினால் தம்பியை மறுபடியும் அனுப்புங்கள். இந்த முறை நான் கடலைப் பற்றிப் பேச மாட்டேன். அவரை அந்த ஊருக்கு அழைத்துப்போகிறேன். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, ஷூ போட்டு வரச் சொல்லுங்கள்.

திருத்தம் பெரிதாக வேண்டாம். எனக்குத் தெரிந்த வரையில் இப்படி இருந்தால் போதும்: "அரிவாள் செல் ரத்தசோகை தொற்றுநோய் என்று தவறாக வெளியாகிவிட்டது. அது பெற்றோரிடமிருந்து பிறவியில் வரும் ரத்தக் குறைபாடு. தொடுவதாலோ சேர்ந்து உண்பதாலோ யாருக்கும் வராது." இதைப் போன முறை வந்த அதே மூன்றாம் பக்கத்தில், கத்தரித்து டிராயரில் வைக்கத் தோதாக, கட்டம் கட்டிப் போடுங்கள். என் படமும் பெயரும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு அந்த விடுதிக்குப் பேப்பர் வருவதில்லை.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் ஒருவர்,
கோத்தகிரி.